சாமான் விலை இப்பிடி ஏறேக்க வீட்டுச் செலவுக் கணக்கை எப்பிடி எழுதுறியள்?

கொப்பி_நல்லூர் | 2022 ஒக்டோபர் 8

எல்லாருக்கும் வணக்கம். இலங்கையில செப்டெம்பர் மாசப் பணவீக்கம், அதாவது ஒரு வருசத்தில விலை ஏறின வேகம், 69.8 வீதமாம், சாப்பாட்டுச் சாமானுக்கு மட்டும் பாத்தால் 94.9 வீதம். போன வருசம் இதே நேரம் 100 ரூபாக்கு வாங்கினது இப்ப 195 ரூபா. இந்த நேரத்தில செலவை எழுதி வைக்கிற ஆக்கள் எப்பிடி எழுதுறியள் எண்டு கேக்கத்தான் இந்த இழை. முதல்ல நான் செய்யிறதைச் சொல்லுறன்.

ரூபாவை மட்டும் வச்சு பட்ஜெட் போடுறதை இந்த வருசம் நிப்பாட்டிட்டன். சாமானுக்கு இவ்வளவு, மீனுக்கு இவ்வளவு எண்டு மாசத் தொடக்கத்தில ஒரு தொகையை எழுதினால் மாசம் முடிய முதலே அந்தத் தொகைக்கு அர்த்தமில்லாமல் போகுது. இப்ப கொப்பியில அளவைத்தான் முதல் எழுதுறன். அரிசி எத்தினை கிலோ, பருப்பு எத்தினை கிலோ, தேங்காய் எத்தினை, முட்டை எத்தினை, கேஸ் சிலிண்டர் எண்டைக்கு மாட்டினது எண்டைக்கு முடிஞ்சது. பக்கத்தில ஒரு கிலோ விலை. மொத்தக் காசு கடைசியாத்தான்.

ஏன் இதைப் பெரிசாச் சொல்லுறன் எண்டால், போன மாசம் பருப்பு 2 கிலோ வாங்கின வீடு இந்த மாசம் அதே காசுக்கு ஒண்டரைக் கிலோ வாங்குது எண்டு வைப்பம். ரூபாக் கணக்கில பாத்தால் பட்ஜெட் அச்சொட்டாச் சரி, ஒரு ரூபாவும் கூடேல்லை. ஆனா வீட்டில அரைக் கிலோ பருப்பு குறைஞ்சிட்டுது, பிள்ளையள் குறையச் சாப்பிடுதுகள், அது அந்தக் கொப்பியில எங்கயுமே தெரியாது. எனக்குப் பயம் அதுதான். காசு கூடப் போனால் உடன தெரியும், சாப்பாடு குறைஞ்சால் மெல்ல மெல்லக் குறைஞ்சு ஒருத்தருக்கும் தெரியாமலே போயிடும்.

அதால பருப்பு, முட்டை, சின்னவளின்ர பால்மா மூண்டுக்கும் இதுக்குக் கீழ போகக்கூடாது எண்டு ஒரு அளவு எழுதி வச்சிருக்கிறன். விலை ஏறினால் வேற எங்கயாவதுதான் வெட்டுறது, இந்த மூண்டில கை வைக்கிறேல்லை.

நிலா_வெள்ளவத்தை | 2022 ஒக்டோபர் 8

அண்ணா நல்ல யோசனை. நான் எக்ஸெல்ல போடுறனான், வாடகை, ஸ்கூல் வேன், சாமான், மருந்து எண்டு பிரிச்சு. ஆனா எனக்கு ஒரு கேள்வி கனநாளாக் கிடக்கு. 69.8 எண்டு சொல்லினம், என்ர ஷீட்டில போன வருசத்தோட பாத்தால் அவ்வளவு வரேல்லை, 50 சொச்சம்தான் வருது. அம்மா வீட்டுக் கணக்கைப் பாத்தால் 80ஐத் தாண்டுது. ரெண்டு வீடும் ஒரே சந்தையிலதான் வாங்குது. ஆர்ட கணக்குப் பிழை?

ரீச்சர்_வடமராட்சி | 2022 ஒக்டோபர் 9

ஒருத்தற்ற கணக்கும் பிழையில்லை தங்கச்சி. அந்த 69.8 கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், கொழும்பு நகரக் குடும்பங்கள் எதுக்கு எவ்வளவு செலவழிக்குது எண்டதை வச்சுக் கட்டினது. அதில சாப்பாட்டின்ர பங்கு 28 வீதம்தான். நாடு முழுக்கப் பாக்கிற தேசிய சுட்டெண்ணில அதே பங்கு 44 வீதத்துக்குக் கிட்ட. உங்கட வீட்டில வாடகை பெரிய பங்கு, வீட்டுக்காரர் இன்னும் பெரிசா ஏத்தேல்லைப் போல, அதால உங்களுக்குக் குறைய வருது. அம்மா சொந்த வீடு, அவவின்ர காசில முக்கால்வாசி சாப்பாடும் மருந்தும்தானே.

நீங்களே போட்டுப் பாக்கலாம். சாப்பாடு 95 வீதம் ஏறியிருக்கு, மற்றச் செலவெல்லாம் சேத்து 58க்குக் கிட்ட ஏறியிருக்கு. நூறு ரூபாவில அறுபதைச் சாப்பாட்டுக்கே செலவழிக்கிற வீட்டுக்கு அறுபதில 95 வீதம் 57, மிச்ச நாப்பதில 58 வீதம் 23, கூட்டினால் 80. அம்மாவின்ர கணக்கும் அதுதான் சொல்லுது. சாப்பாட்டு விலை மற்றதை விடக் கூட ஏறேக்க ஏழை வீட்டின்ர பணவீக்கம் ரேடியோவில சொல்லுறதை விடக் கூட எண்டதுக்கு வேற விளக்கம் தேவையில்லை. ஒவ்வொரு வீடும் தன்ர வீதத்தைத் தானே கணக்குப் பாக்கவேணும் எண்டு நான் நினைக்கிறன், சம்பளம் கேக்கப் போனாலும் பிள்ளையளிட்டக் காசு கேக்கப் போனாலும் அந்த எண்தான் உதவும்.

ஹட்டன்_பொண்ணு | 2022 ஒக்டோபர் 9

நீங்க எல்லாரும் எழுதுறத படிச்சேன். எங்க தேயிலைத் தோட்டத்துல நெலம வேற. நாள் சம்பளம் ஆயிரம் ரூவா, அது 2021 மார்ச்சுல வந்தது, அன்னைக்கு இருந்த ஆயிரம் வேற இன்னைக்கு இருக்கற ஆயிரம் வேற. அதுவும் நெறவு கொழுந்து, அதாவது ஒரு நாளைக்கு இவ்வளவு பறிக்கணும்னு வச்ச அளவு, எடுத்தாத்தான், மழை நாள்ல வேலை இல்லாட்டி அதுவும் இல்ல. எங்களுக்கு மூணு வேளையும் ரொட்டிதான், கோதுமை மாவு அப்ப நூறு ரூவாக்குள்ள இருந்துச்சு, இப்ப நானூறு பக்கம் போயிருச்சு. மண்ணெண்ணெய் 87 ரூவாயா இருந்தது ஆகஸ்டுல ஒரே ராத்திரியில 340. இதுல எதை அண்ணே கொறைக்க சொல்றீங்க, எழுதி வச்சா மட்டும் மாவு வந்துருமா? கோவத்துல கேக்கல, தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்.

கொப்பி_நல்லூர் | 2022 ஒக்டோபர் 9

தங்கச்சி நீங்கள் கேக்கிறது முழுக்க நியாயம். வருமானம் தேவைக்கே காணாத இடத்தில கணக்கு எழுதி ஒண்டையும் மிச்சம் பிடிக்க ஏலாது, அப்பிடி ஆரும் சொன்னால் அது பொய். உங்களுக்குத் தேவை சம்பள உயர்வு, சிக்கனம் இல்லை. ஆனா ஒரு விசயத்துக்கு எழுதிறது உதவும் எண்டு நினைக்கிறன். கடையில கடனுக்கு எடுக்கிறனீங்களா? கடன் கொப்பி ஆரிட்ட இருக்கு?

ஹட்டன்_பொண்ணு | 2022 ஒக்டோபர் 10

கடைக்காரர்கிட்டதான். மாசம் பத்தாம் தேதி சம்பளம் வந்தா மொத்தமா கட்டுவோம். எடுத்த அன்னைக்கு ஒரு வெலை, கட்டுற அன்னைக்கு வெலை ஏறி இருந்தா புது வெலைக்கே கணக்கு போடுறாங்க. கேட்டா நாங்களும் புது வெலைக்குத்தானே திரும்ப வாங்கணும்ங்கறாங்க.

ரீச்சர்_வடமராட்சி | 2022 ஒக்டோபர் 10

அப்ப அது சாமான் கடன் இல்லை பிள்ளை, வட்டிக் கடன். எடுத்த நாளும் விலையும் அளவும் நீங்களும் ஒரு கொப்பியில எழுதுங்கோ, எடுக்கிற நேரமே கடைக்காரரிட்ட ஒரு கையெழுத்து வாங்குங்கோ. பத்தாம் திகதி ரெண்டு கொப்பியையும் பக்கத்தில வச்சு வித்தியாசத்தைக் கூட்டிப் பாருங்கோ, அந்தத் தொகைதான் ஒரு மாசக் கடனுக்கு நீங்கள் குடுக்கிற வட்டி. உங்கட லயத்தில, தோட்டத்து வரிசை வீடுகளில, இருக்கிற நாலைஞ்சு வீட்டு ஆக்கள் அதே மாதிரி எழுதினால் கடைக்காரரோட இருந்து கதைக்கலாம், இல்லாட்டி சேந்து காசு போட்டு ஒரு மூட்டை மாவைச் சம்பளத்தண்டே எடுத்துப் பிரிக்கலாம். ஒரு ஆள் கேட்டால் அடுத்த மாசம் கடன் இல்லையெண்டிருவினம், சேந்து கேட்டால் அப்பிடிச் சொல்ல யோசிப்பினம்.

மட்டு_ஓட்டோ | 2022 ஒக்டோபர் 11

நான் ஓட்டோ ஓடுற ஆள். எனக்கு மாசக் கணக்கே சரிவாறல்ல, கிழமைக் கணக்குத்தான், என்னண்டா பெற்றோல் பங்கீட்டு கியூஆர் அட்டையில கிழமைக்கு 5 லீட்டர்தான் தாறாங்க. அதுக்கு மேல உழைக்க ஏலாது. வெளிய கள்ள விலைக்கு வாங்கி ஓடலாம்தான், ஆனா அந்த விலைக்கு வாடிக்கையாளர்ட்ட கேட்டா ஏற மாட்டாங்க.

அண்ணன் அளவ எழுதுங்க எண்டு சொன்னது எனக்கு நல்லாப் பொருந்துது. நான் எழுதுறது ஒரு லீட்டருக்கு எவ்வளவு உழைச்சன் எண்டு. பெற்றோல் ஜூன் மாசம் 470 ரூபாக்குப் போய் இப்ப 410ல இரிக்கு, அது அரசாங்கத்துட கையில, ஆனா ஒரு லீட்டர எந்த ஓட்டத்துக்கு எரிக்கிற எண்டது என்ட கையில இரிக்கு. சும்மா சுத்தி ஆள் தேடுறத விட்டுட்டன். காலையில பள்ளிக்கூடப் பிள்ளைகள், பின்னேரம் ஆசுபத்திரிக் கிளினிக் ஆக்கள், முதலே பேசி வச்ச ஓட்டம் மட்டும். மிச்ச நேரம் ஓட்டோ நிக்கும், நான் மாமாட தோட்டத்துல நிப்பன். லீட்டருக்கு வாற காசு கூடிற்று, மொத்தமா எண்டா இன்னும் காணாதான்.

ரொரன்ரோ_தம்பி | 2022 ஒக்டோபர் 12

ஒரு விசயம் கேக்கவேணும். நான் ஊருக்கு அம்மாவுக்கு மாசாமாசம் காசு அனுப்புறனான். இங்க எல்லாரும் சொல்லினம் டொலர் 200ல இருந்து 360க்குப் போயிட்டுது, இப்ப அவைக்கு நல்ல காசு, குறைச்சு அனுப்பினாலும் காணும் எண்டு. அம்மாவும் காணும் காணும் எண்டுதான் சொல்லுறா. உண்மையாக் காணுமோ?

கொப்பி_நல்லூர் | 2022 ஒக்டோபர் 12

தம்பி குறைக்காதேங்கோ. கணக்கைப் பாருங்கோ. 100 அமெரிக்க டொலர் மார்ச் தொடக்கத்தில 20,000 ரூபா, இப்ப 36,000. 80 வீதம் கூட. ஆனா சாப்பாடு ஏறினது 95 வீதம். அதுக்கு மேல கனடா டொலர் அமெரிக்க டொலரைவிடக் கொஞ்சம் இறங்கிக் கிடக்கு, அதால உங்கட காசுக்கு அந்த 80ம் முழுசா வராது. அதே அளவு டொலர் அனுப்பினால் அம்மா பழைய மாதிரியே இருக்கிறதுக்கே கஷ்டம். குறைச்சால் அவ தன்ர சாப்பாட்டில குறைப்பா, அதை உங்களுக்குச் சொல்லவும் மாட்டா.

அம்மாவிட்டக் காசு காணுமோ எண்டு கேட்டால் காணும் எண்டுதான் பதில் வரும். இந்த மாசம் எத்தினை முட்டை வாங்கினீங்கள், மீன் எத்தினை தரம், பிறசர் குளிசை முழு மாசத்துக்கும் எடுத்தீங்களோ இல்லை பாதி எடுத்தீங்களோ எண்டு கேளுங்கோ. அதுக்கு மழுப்பேலாது.

ரொரன்ரோ_தம்பி | 2022 ஒக்டோபர் 14

கேட்டனான் அண்ணை. குளிசை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுறாவாம். மருந்துக் கடைக் காசை இனி அக்காவிட்டத் தனியா அனுப்புறன். நன்றி.

நிலா_வெள்ளவத்தை | 2022 ஒக்டோபர் 15

கரண்ட் பில்லைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லையே. ஆகஸ்ட்ல 75 வீதம் கூட்டினது எண்டு பொதுவாச் சொல்லினம், ஆனா எந்த யூனிட்டில நிக்கிறம் எண்டதில எல்லாம் கிடக்கு. 90 யூனிட்டுக்குள்ள நிண்டால் நிலையான கட்டணம் 360 ரூபா, தாண்டினால் 960. தாண்டின யூனிட்டுக்கும் 16 ரூபா இல்லை, 50 ரூபா. அதாவது 90ல நிக்கிற வீடும் 92ல நிக்கிற வீடும் எரிச்சது கிட்டத்தட்ட ஒண்டுதான், பில்லில 700 ரூபா வித்தியாசம். ஞாயிறு ஞாயிறு மீற்றரைப் பாத்து எழுதுங்கோ, மூண்டாம் கிழமை எழுபதுக்குக் கிட்ட நிண்டால் மிச்ச நாள் அயர்ன் பண்ணுறதைச் சேத்து ஒரே நாளில முடிக்கலாம், ஹீற்றரை விடலாம். பில் வந்தாப் பிறகு பாத்து ஒண்டும் செய்யேலாது.

கேஸும் அப்பிடித்தான். ஜூலையில 4,910 ரூபாக்குப் போன 12.5 கிலோ சிலிண்டர் இந்த மாசம் 4,280க்கு இறங்கியிருக்கு, சந்தோசம்தான், ஆனா சிலிண்டர் எத்தினை நாள் நிக்குது எண்டு தெரிஞ்சால்தான் ஒரு நாள் சமையலுக்கு என்ன செலவு எண்டு தெரியும்.

சீட்டுக்கார_அக்கா | 2022 ஒக்டோபர் 16

சீட்டுப் பிடிக்கிற ஆக்களுக்கு ஒரு விசயம் சொல்லவேணும். பத்துப் பேர், மாசம் பத்தாயிரம், ஒரு லட்சம் சீட்டு எண்டு வைப்பம். விலை வருசத்துக்கு எழுபது வீதம் ஏறிக்கொண்டு போனால் கடைசி மாசம் சீட்டெடுக்கிற ஆளுக்குக் கிடைக்கிற லட்சத்துக்கு முதல் மாசத்து விலையில 67 ஆயிரத்துக்குச் சாமான்தான் வரும். முன்னம் கடைசிச் சீட்டு எண்டால் சேமிப்பு எண்டு சந்தோசமா எடுப்பினம், இப்ப அது நட்டம். எங்கட சீட்டில இதைக் கதைச்சு, கடைசி மூண்டு பேருக்கும் முதல் எடுக்கிற ஆக்கள் கொஞ்சம் கூடக் கட்டுறது எண்டு மாத்தினம். சண்டை வந்ததுதான், ஆனா நியாயம் அதுதான்.

காசு வச்சிருக்கிற ஆக்கள் என்ன செய்யிறியள்? சாமானா வாங்கி அடுக்குறதா, பாங்கில போடுறதா? திறைசேரி உண்டியலுக்கு, அதுதான் அரசாங்கம் எங்களிட்டக் கடன் வாங்கிற பத்திரத்துக்கு, இப்ப 30 வீதத்துக்குக் கிட்டத் தாறாங்கள் எண்டு தம்பி சொல்லுறான். எழுபது வீதம் விலை ஏறேக்க முப்பது வீத வட்டி என்னத்துக்கு எண்டு நான் சொல்லிட்டன்.

ரீச்சர்_வடமராட்சி | 2022 ஒக்டோபர் 16

அதில ஒரு நுணுக்கம் இருக்கு. 69.8 எண்டது போன பன்னிரண்டு மாசத்தில ஏறினது. 30 வீத வட்டி வரப்போற பன்னிரண்டு மாசத்துக்கு. ரெண்டையும் நேரா ஒப்பிடேலாது. டொலர் 360ல நிப்பாட்டின மாதிரி நிக்குது, மத்திய வங்கி ஏப்ரலில ஒரே நாளில வட்டியை 7 வீதப்புள்ளி கூட்டினது, பெற்றோலும் கேஸும் இறங்கத் தொடங்கீட்டுது, அதால அடுத்த வருசம் இதே வேகத்தில ஏறாது எண்டுதான் நான் நினைக்கிறன். எனக்கெண்டால் மூண்டு மாசச் சாப்பாட்டுக் காசைக் கையில வச்சிட்டு, மிச்சத்தை ஒரு வருச உண்டியலில போடலாம் எண்டு படுது. அரசாங்கம் வெளிநாட்டுக் கடனை நிப்பாட்டி வச்சிருக்கிற நேரம், உள்நாட்டுக் கடனிலயும் கை வைக்குமோ எண்ட பயம் இருக்கு, அதையும் யோசிச்சுத்தான் போடவேணும்.

சாமான் அடுக்குறதில ஒரு எல்லை வேணும். உப்பு, சவுக்காரம் கெடாது. அரிசி வண்டு பிடிக்கும், மா புழு வைக்கும். கடன் வாங்கியோ நகையை அடைவு வச்சோ சாமான் அடுக்கவே வேண்டாம், அடைவு வட்டியும் ஏறிக் கிடக்கு.

ஹட்டன்_பொண்ணு | 2023 மார்ச் 5

ரொம்ப நாளைக்கு அப்புறம் எழுதுறேன். கொப்பி எழுதினோம், ஆறு வீட்டுக்காரங்க சேர்ந்து. கடைக்காரர் எடுத்த அன்னைக்கு வெலையே போடுறேன்னு ஒத்துக்கிட்டாரு, ஆனா கடன் பதினைஞ்சு நாளைக்குத்தான்னு சொல்லிட்டாரு. மாவு வெலையும் எறங்கி இருக்கு.

ஆனா இப்ப கரண்டு. பெப்ரவரியில திரும்ப ஏத்திட்டாங்கல்ல, 66 வீதம்னு பேப்பர்ல போட்டாங்க. எங்க லயத்துல முப்பது யூனிட்டுக்கு மேல போறதே இல்ல, ரெண்டு பல்பு ஒரு டீவி. முப்பது யூனிட்டுக்கு முன்ன 360 ரூவா வந்துச்சு, இப்ப 1,300. யூனிட்டு 8 ரூவாயா இருந்தது 30, நெலையான கட்டணம் 120 இருந்தது 400. 66 வீதம் எங்க இருக்கு, மூணு மடங்குக்கு மேல ஆயிருச்சு. பெரிய வீட்டுக்காரங்களுக்கு கொஞ்சம் ஏத்தி எங்களுக்கு இப்பிடி ஏத்துறது என்ன கணக்குன்னு தெரியல.

கொப்பி_நல்லூர் | 2023 மார்ச் 5

தங்கச்சி உங்கட கணக்கு முழுக்கச் சரி, 360ல இருந்து 1,300 எண்டால் 260 வீதத்துக்கு மேல கூட்டினது. சராசரி எண்டு ஒரு எண்ணைச் சொல்லேக்க அதுக்குள்ள ஆருக்கு எவ்வளவு விழுந்தது எண்டது மறைஞ்சு போகுது. தொழிற்சங்க ஆக்களிட்ட அந்த ரெண்டு பில்லையும் கொண்டுபோய்க் குடுங்கோ. ஆறு வீட்டு பில்லும் சேந்தால் அதுக்கு ஒருத்தரும் மறுப்புச் சொல்லேலாது.

நிலா_வெள்ளவத்தை | 2023 ஓகஸ்ட் 3

ஜூலைப் பணவீக்கம் 6.3 வீதமாம், ஒற்றை இலக்கத்துக்கு வந்திட்டுது எண்டு எல்லா நியூஸிலயும் பெரிசாப் போடுறாங்கள். கேஸ் 3,000க்குக் கீழ. 30 யூனிட்டுக்குள்ள பாவிக்கிற ஆக்களுக்குக் கரண்டும் யூனிட் 10 ரூபாக்கு இறக்கியிருக்கினம், ஹட்டன் தங்கச்சிக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். ஆனா ஒஃபிஸில எங்கட எச்ஆர் சொல்லினம், பணவீக்கம் 6 வீதம்தானே, அதால சம்பளம் 6 வீதம் கூட்டினால் காணும் எண்டு. எனக்கு இது எங்கயோ உதைக்குது, எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியேல்லை. ஜனவரியில இருந்து வருமான வரியும் வேற வெட்டுறாங்கள்.

ரீச்சர்_வடமராட்சி | 2023 ஓகஸ்ட் 3

6.3 எண்டால் விலை இறங்கினது எண்டு அர்த்தமில்லை, ஏறின விலைக்கு மேல இன்னும் 6.3 வீதம் ஏறியிருக்கு. போன வருசம் ஜூலையில 60.8. ரெண்டையும் கூட்டக்கூடாது, பெருக்கவேணும். 2021 ஜூலையில 100 ரூபா, 2022 ஜூலையில 160.80, அதில 6.3 வீதம் ஏற 171 ரூபாக்குக் கிட்ட. கடைசியாச் சம்பளம் கூட்டினது எப்ப?

நிலா_வெள்ளவத்தை | 2023 ஓகஸ்ட் 3

2021 ஜூலை. அதுக்குப் பிறகு போன வருசம் பத்தாயிரம் அலவன்ஸ் தந்தவை, அடிப்படைச் சம்பளத்தில சேக்கேல்லை.

ரீச்சர்_வடமராட்சி | 2023 ஓகஸ்ட் 3

அப்ப 2021ல 50 ஆயிரம் எடுத்த ஆளுக்கு அண்டைக்கு வாங்கினதையே இண்டைக்கு வாங்க 85 ஆயிரத்துக்குக் கிட்ட வேணும். அலவன்ஸையும் சேத்து 60 ஆயிரம் வருது எண்டால் 25 ஆயிரம் குறையுது, வரி வெட்டுறதுக்கு முதல். எச்ஆரிட்ட 6 வீதத்தைப் பற்றிக் கதைக்கவே கதைக்காதேங்கோ, கதைச்சால் அவை அதிலயே நிப்பினம். 2021 ஜூலை எண்ட திகதியில இருந்து தொடங்குங்கோ. உங்கட எக்ஸெல்ல 2021ல வாங்கின அளவுகள் இருக்குத்தானே, அதே அளவுக்கு இண்டைய விலையைப் போட்டு ஒரு பக்கத்தில பிரிண்ட் எடுங்கோ, சுட்டெண்ணோட அதையும் சேத்துக் குடுங்கோ. உங்களோட வேலை செய்யிற மற்ற ஆக்களும் தங்கட பக்கத்தைத் தந்தால் இன்னும் நல்லது.

நிலா_வெள்ளவத்தை | 2023 ஓகஸ்ட் 4

இருக்கு ரீச்சர், அரிசியில இருந்து வேன் காசு வரைக்கும் இருக்கு. எங்கட செக்‌ஷன்ல மூண்டு பேர் எழுதுறவை, இண்டைக்கு அவையிட்டயும் கேட்டிருக்கிறன். திங்கள் மீற்றிங். முடிஞ்சதும் வந்து எழுதுறன்.